எழுந்தவுடன் எழுது!

"கனவு காணுங்கள்" என்று மேடைக்கு மேடை கேட்டிருப்பாய். கலெக்டர் ஆகும் கனவு, கம்பெனி தொடங்கும் கனவு, ஊரே பார்க்க வீடு கட்டும் கனவு. அவற்றைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது, ராத்திரி பாயில் தலை சாய்த்த பிறகு தானாக வருகிறதே, அந்தக் கனவைப் பற்றி. பல் விளக்கி முடிப்பதற்குள் மறந்துபோகிறதே, அதைப் பற்றி.

தம்பி, தங்கையே, ஒரு கணக்குப் போடு. அறுபது வருஷம் வாழ்ந்தால் இருபது வருஷம் தூக்கத்தில் போகிறது. ஓர் இரவில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கனவில் கழிகிறது என்கிறார்கள் உறக்கத்தை ஆராய்பவர்கள். அறுபது வருஷத்தில் அது ஐந்து வருஷம்! ஒரு டிகிரியும் ஒரு பி.எட்.டும் படித்து முடிக்கிற காலம். அந்த ஐந்து வருஷத்துக்கு உன்னிடம் ஒரு பக்கக் குறிப்பாவது இருக்கிறதா?

இல்லை. எவரிடமும் இல்லை. ஆனால் நம்ம ஊர்க்காரர் ஒருவர் எழுதி வைத்தார்.

சாரங்கபாணி சன்னதித் தெருப் பையன்

கும்பகோணத்தில் சாரங்கபாணி கோயிலுக்குப் போகிறவர்கள் அந்தச் சன்னதித் தெருவில் ஒரு வீட்டைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். சின்ன ஓட்டு வீடு, முன்னால் திண்ணை. சீனிவாச ராமானுஜன் வளர்ந்த வீடு. இன்று சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதை நினைவில்லமாகப் பாதுகாக்கிறது. ஒருநாள் உள்ளே போய் நின்று பார். இத்தனை சிறிய வீட்டிலிருந்தா என்று நெஞ்சு கேட்கும்.

அந்தப் பையன் டவுன் ஹைஸ்கூலில் கணக்குக்குப் பரிசு வாங்கினான். 1904-இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசு கல்லூரிக்குப் போனான். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் ஓடவில்லை. ஃபெயில்! உதவித்தொகை போயிற்று. வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் வரை ஓடிப்போனான். பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரி. அங்கேயும் ஃபெயில். ஊர் என்ன பேசியிருக்கும் என்று உனக்குத் தெரியும். உன் தெருவும் அதையேதான் பேசுகிறது.

அவர் என்ன செய்தார் தெரியுமா? காகிதம் வாங்கக் காசில்லை. மடியில் சிலேட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். நிறைந்ததும் அழிக்கத் துணி தேடினால் நேரம் போகும் என்று முழங்கையாலேயே அழித்தார். அழித்து அழித்து முழங்கை கறுத்துப்போனது. வழிமுறை எல்லாம் சிலேட்டோடு போயிற்று. விடை மட்டும் நோட்டுக்கு ஏறியது. பகல் முழுக்க இதே வேலை.

இரவிலும் வேலை நிற்கவில்லை. குலதெய்வமான நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து தனக்குக் கணக்குகளை அருளுகிறாள் என்று ராமானுஜன் நம்பினார், நண்பர்களிடம் சொன்னார். ஒருமுறை உறக்கத்தில், ரத்தம் வழிந்து பரவியது போலச் சிவந்த திரை ஒன்று எதிரே விரிந்ததாம். ஒரு கை வந்து அதில் எழுதத் தொடங்கியதாம். நீள்வட்டத் தொகையீடுகள் வரிசை வரிசையாக வந்தனவாம். விழித்ததும் முதல் வேலையாக அவற்றை எழுதி வைத்ததாக அவர் சொன்னது அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் இருக்கிறது. நடுச்சாமத்தில் எழுந்து அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் எதையோ கிறுக்கிக்கொண்டிருப்பார். கேட்டால், கனவில் போட்ட கணக்கு மறந்துபோவதற்குள் எழுதுகிறேன் என்பார் என்று கூட இருந்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

இந்தக் கதையைக் கேட்டதும் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு "தெய்வ அருள்" என்று நகர்ந்துவிடுகிறார்கள். அருளை நானும் வணங்குகிறேன். ஆனால் அருள் வந்த ராத்திரியில் அந்த மனிதர் செய்த காரியத்தைப் பார்! புரண்டு படுக்கவில்லை. "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று போர்வையை இழுத்துக்கொள்ளவில்லை. எழுந்தார், விளக்கைத் தூண்டினார், எழுதினார். அந்த அருளை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுவந்து சேர்த்தது அவர் கையிலிருந்த பேனா.

1913 ஜனவரி 16. சென்னைத் துறைமுகத்தில் ஆண்டுக்கு 20 பவுன் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அந்த நோட்டுகளிலிருந்து எடுத்த விடைகள்தான் கடிதம் முழுக்க. ஹார்டி அழைத்தார், ஆனால் கடல் தாண்டக்கூடாது என்று குடும்பம் தடுத்தது. அந்தத் தடையை உடைத்ததும் ஒரு கனவுதான் என்கிறது வரலாறு. மகன் வெள்ளைக்காரர்கள் நடுவே ஒரு பெரிய மண்டபத்தில் அமர்ந்திருப்பதாகவும், அவன் வழியை மறிக்காதே என்று நாமகிரித் தாயார் ஆணையிட்டதாகவும் தாய் கோமளத்தம்மாள் கனவு கண்டார். 1914 மார்ச்சில் கப்பல் கிளம்பியது. இரண்டு தடவை ஃபெயில் ஆன அந்தக் கும்பகோணத்துப் பையன் 1918-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர்!

1920 ஏப்ரல் 26. முப்பத்திரண்டே வயதில் உயிர் போயிற்று. நோட்டு போகவில்லை. மூன்று நோட்டுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள். கடைசி நாட்களில் எழுதிய தாள்கட்டு ஒன்று டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்ணில் படாமல் கிடந்தது. 1976-இல் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அதைக் கண்டெடுத்தபோது கணித உலகமே துள்ளி எழுந்தது. அதில் உள்ளவற்றை நிரூபிக்க அறிஞர்களுக்கு இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. இத்தனையும் எழுதி வைத்ததால் கிடைத்தது!

முறைத் தண்ணீர் நடுராத்திரியில்தான் வரும்

நீ காவிரி டெல்டாவில் பிறந்தவன். கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் எப்படி வரும் என்று உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேட்டூரில் திறந்து, கல்லணையில் பிரிந்து, ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் கன்னியாகி நம் வயலுக்கு வரும்போது முறை வைத்துத்தான் விடுவார்கள். உன் முறை ராத்திரி இரண்டு மணி என்றால் இரண்டு மணிக்கு மண்வெட்டியும் டார்ச்சுமாக வரப்பில் நிற்கவேண்டும். தூங்கிவிட்டால் தண்ணீர் உன் வயலைத் தாண்டி வடிகாலுக்குப் போகும். கனவும் அப்படித்தான் வருகிறது. ஓர் இரவில் நான்கைந்து முறை வருகிறது. எழுந்து மடையைத் திறந்தவனுக்குப் பாய்கிறது, மற்றவர்களுக்கு வடிந்துபோகிறது.

இது வெறும் பேச்சில்லை. 1953-இல் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற ஆய்வாளர்கள் இதன் அடிப்படையைக் கண்டறிந்தார்கள். தூக்கத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக ஓடுகின்றன. 'ரெம்' உறக்கம் என்று அதற்குப் பெயர். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன. விடியலை நெருங்க நெருங்க அந்தக் கட்டம் நீளும். அதனால்தான் விடியற்காலைக் கனவு அவ்வளவு நீளமாகவும் அவ்வளவு பளிச்சென்றும் இருக்கிறது.

அப்படியானால் ஏன் மறக்கிறது? நினைவைப் பதிய வைக்க உதவும் நார்அட்ரினலின் என்ற ரசாயனம் அந்த நேரத்தில் மூளையில் அடங்கிக் கிடக்கிறது. கண்டது தற்காலிகமாகத்தான் நிற்கும். கண் விழித்ததும் செல்போனைத் தொட்டாய், போச்சு! ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும், முழுக் கனவையும் அடித்துக்கொண்டு போய்விடும்.

கனவுக்குள் கண் திறப்பவர்கள்

இதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது. கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே "இது கனவு" என்று தெரிந்துகொள்வது. 'லூசிட் ட்ரீம்' என்கிறார்கள். நாம் தெளிவுக் கனவு என்போம். இது சித்தர்களுக்கு மட்டும் வாய்த்த வித்தை என்று நினைக்காதே. 2016-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, வாழ்நாளில் ஒருமுறையாவது தெளிவுக் கனவு கண்டவர்கள் பாதிக்கும் மேற்பட்டோர் என்கிறது. உனக்கே வந்திருக்கலாம். எழுதி வைக்காததால் தெரியாமல் போயிருக்கும்.

இந்தத் துறையில் சாதித்தவர்கள் கையிலெல்லாம் ஒரு நோட்டு இருந்தது. பிரான்சில் சேன்-தெனி என்ற பிரபு பதின்மூன்று வயதில் கனவுகளை எழுதத் தொடங்கினார். 1,946 இரவுகளை எழுதி, கனவை நடத்தும் வழிகளைப் பற்றி 1867-இல் நூலே வெளியிட்டார். ஹாலந்து மருத்துவர் வான் ஏடன் 1898 முதல் 1912 வரை தமக்கு வந்த 352 தெளிவுக் கனவுகளைக் கணக்கெழுதி 1913-இல் கட்டுரையாக்கினார். ராமானுஜன் ஹார்டிக்குக் கடிதம் போட்ட அதே ஆண்டு!

"இதெல்லாம் கற்பனை" என்று உலகம் நம்ப மறுத்தது. 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர் அதற்குப் பதில் கொடுத்தார். ரெம் உறக்கத்தில் உடல் கட்டிப்போட்டதுபோல அசையாது. கண் மட்டும் அசையும். அதனால், "கனவு என்று தெரிந்ததும் கண்ணை இடமும் வலமுமாக ஓட்டு" என்று ஆலன் வோர்ஸ்லி என்பவரோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டார். வோர்ஸ்லி தூங்கினார். கருவி அந்தச் சைகையைப் பதிவு செய்தது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டின் ஸ்டீபன் லபெர்ஜ் தனியாக அதையே நிறுவிக் காட்டினார். 2021-இல் நான்கு நாட்டு ஆய்வுக்கூடங்கள் இன்னும் மேலே போயின. உறங்கும் இளைஞனிடம் "எட்டில் ஆறு போனால்?" என்று கேட்டார்கள். அவன் கனவுக்குள்ளிருந்தே கண்ணை இருமுறை ஓட்டி "இரண்டு" என்று விடை சொன்னான்!

தூக்கத்தில் கணக்குப் போட முடியும் என்று அவர்கள் 2021-இல் நிரூபித்தார்கள். நம்ம கும்பகோணத்துக்காரர் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே அதைத் தம் நண்பர்களிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

உன் மண்ணுக்குப் புதிதில்லை

காவிரி கடலில் கலக்கும் பூம்புகாரில்தான் கண்ணகி தன் கனவைத் தோழி தேவந்தியிடம் சொன்னாள். இளங்கோ அதற்கென ஒரு காதையே வைத்தார்: கனாத்திறம் உரைத்த காதை. வள்ளுவர் கனவுக்குப் பத்துக் குறள் ஒதுக்கினார். திருவாவடுதுறையில் அமர்ந்த திருமூலர் மரபில் நனவு, கனவு, உறக்கம், அதற்கும் அப்பால் என்று மனத்தின் நிலைகளையே தனித்தனியாகப் பிரித்துப் பேசினார்கள். உன் முன்னோர் கனவைக் குப்பையென ஒதுக்கவில்லை. சொன்னார்கள், ஆராய்ந்தார்கள், ஏட்டில் ஏற்றினார்கள். நீ மட்டும் ஏன் தினமும் விடியற்காலையில் அதைத் துடைத்துப் போடுகிறாய்?

இனி நீ செய்ய வேண்டியது

ஒன்று: நாற்பது பக்க நோட்டு ஒன்றும் பேனாவும் தலைமாட்டில் வை. கை நீட்டினால் எட்ட வேண்டும். செல்போன் எட்டக் கூடாது.

இரண்டு: படுக்கும்போது நோட்டில் நாளைய தேதியைப் போடு. "கனவை நினைவில் கொண்டு வருவேன்" என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டுத் தூங்கு.

மூன்று: விழித்ததும் அசையாதே. கண்ணையும் திறக்காதே. கடைசிக் காட்சியைப் பிடி. "இதற்கு முன்னால் எங்கே இருந்தேன்?" என்று பின்னோக்கிப் போ. ஒன்றைப் பிடித்தால் அடுத்தது தொடர்ந்து வரும்.

நான்கு: முதலில் ஒற்றைச் சொற்களைக் கொட்டு. பிறகு நீ வீட்டில் பேசுகிற தமிழில், இப்போது நடப்பதுபோல எழுது. ஒரு பக்கம் இப்படி இருக்கலாம்:

"திருவையாறு புஷ்யமண்டபப் படித்துறை. ஆத்துல தண்ணி இல்ல, வெறும் மணல். மணல்ல வரிசையா பெஞ்சு போட்டிருக்கு. கணக்குப் பரீட்சை. ஹால் டிக்கெட்ல என் பேரு இல்ல. சூப்பர்வைசர் திரும்புறாரு, பாத்தா செத்துப்போன தாத்தா. பேனாவைக் குடுக்குறாரு. மை இல்ல. தண்ணி வர்ற சத்தம் கேக்குது. பயம், ஆனா தாத்தாவைப் பாத்த சந்தோஷம்."

இதில் இலக்கணம் பார்க்காதே. உணர்ச்சியை மட்டும் விடாதே. கையெழுத்தும் புரிய வேண்டும். ஜெர்மனியில் பிறந்த அறிஞர் ஓட்டோ லோவி கனவில் ஒரு பரிசோதனையைக் கண்டு ராத்திரியில் கிறுக்கி வைத்தார். காலையில் அவர் கையெழுத்து அவருக்கே விளங்கவில்லை. அடுத்த இரவு அதே கனவு திரும்ப வந்தது. இந்தத் தடவை அவர் படுக்கையில் இருக்கவில்லை. நேரே ஆய்வுக்கூடத்துக்கு ஓடினார். தவளையின் இதயத்தை வைத்து அங்கே செய்த சோதனை அவருக்கு 1936-இல் நோபல் பரிசு வாங்கித் தந்தது. எல்லோருக்கும் கனவு இரண்டாம் முறை வராது தம்பி!

ஐந்து: ஒன்றும் நினைவில்லையா? "நினைவில்லை, மனசு கனமா இருக்கு" என்றாவது எழுது. வெற்றுப் பக்கம் விடாதே. உனக்கு இது முக்கியம் என்று மனத்துக்குப் புரிந்துவிட்டால், அது கொடுக்கத் தொடங்கும்.

ஆறு: சில வாரம் ஆனதும் நோட்டை முதலிலிருந்து படி. திரும்பத் திரும்ப வருவதை அடிக்கோடிடு. பரீட்சை ஹால், தவறவிட்ட பஸ், இறந்துபோன தாத்தா, வற்றிய ஆறு. கனவு உனக்குத் தரும் அடையாளங்கள் இவை.

ஏழு: பகலில் பழகு. பஸ் போர்டில் 'கும்பகோணம்' என்று படித்தால், தலையைத் திருப்பி மறுபடி படி. "இது கனவா, நனவா?" என்று மெய்யாகவே கேள். நனவில் எழுத்து அப்படியே நிற்கும். கனவில் பெரும்பாலும் மாறிவிடும். பகலில் ஊறிய பழக்கம் ஒருநாள் கனவுக்குள்ளும் கேள்வி கேட்கும். கேட்ட கணமே நீ விழித்துக்கொண்டாய், தூங்கிக்கொண்டே!

எட்டு: விடியற்காலையில் இடையே விழிப்பு வந்தால், முந்தைய கனவை நினைத்து, "அடுத்த தடவை இது கனவு என்று தெரிந்துகொள்வேன்" என்று சொல்லிக்கொண்டே மறுபடி உறங்கு. லபெர்ஜ் வகுத்த முறை இது.

மூன்று எச்சரிக்கை. கனவுக்காகத் தூக்கத்தைக் கெடுக்காதே. நன்றாகத் தூங்குகிறவனுக்குத்தான் கனவே நீளும். மனநோய்க்கோ உறக்கக் கோளாறுக்கோ சிகிச்சையில் இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்கு. நோட்டைத் தூக்கிக்கொண்டு கனவுக்குப் பலன் கேட்க ஓடாதே. அது வரப்போவதைச் சொல்லும் ஏடாக இருக்க வேண்டியதில்லை. உன்னை நீ படிக்கும் புத்தகமாக இருந்தால் போதும்.

கெட்ட கனவா? முடிவை மாற்றி எழுது!

2018 நவம்பர் 16. கஜா புயல் வேதாரண்யத்தருகே கரையேறிய அந்த ராத்திரியைப் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாட்டுக்காரர்கள் மறக்கவில்லை. பிள்ளைபோல வளர்த்த தென்னைகள் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. பேரிடரில் அடிபட்டவர்களுக்குக் காற்றுச் சத்தம் கேட்டாலே கனவில் அந்த ராத்திரி திரும்பி வருவது உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்தில் சுனாமி அலையைப் பார்த்தவர்களுக்கும் அப்படித்தான்.

அவர்களுக்கும் இந்த நோட்டு ஒரு கருவி. கெட்ட கனவைப் பகல் வெளிச்சத்தில் எழுது. பிறகு அதன் முடிவை உன் விருப்பப்படி மாற்றி எழுது. கூரை பறக்கிறது, நீ வாசலில் நிற்கிறாய், அம்மாவின் கையைப் பிடித்திருக்கிறாய், காற்று அடங்குகிறது, விடிகிறது. மாற்றிய கதையைத் தினமும் சில நிமிடம் மனத்தில் ஓட்டு. மனநல மருத்துவர்களே கையாளும் முறை இது. பலருக்குக் கொடுங்கனவு குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பயம் கடுமையாக இருந்தால் மருத்துவர் துணையோடு செய். நடந்ததை மாற்ற நம்மால் ஆகாது. நடந்தது ஒவ்வொரு ராத்திரியும் நம்மை அடிப்பதைத் தடுக்க நம்மால் ஆகும்.

உன்னிடம் இருப்பது என்ன தெரியுமா?

"எனக்கு மூளை இல்லை, கற்பனை இல்லை, நான் சாதாரணம்" என்கிறாயே, உன் நோட்டின் இருபது பக்கத்தைப் படித்துவிட்டு அதைச் சொல் பார்க்கலாம்! ஒரு ரூபாய் செலவில்லாமல், ஒரு ஆளின் உதவியில்லாமல், ராத்திரிக்கு ராத்திரி ஊர் கட்டுகிறது உன் மனம். ஆள் படைக்கிறது, வசனம் எழுதுகிறது, செத்தவரை எழுப்பிப் பேச வைக்கிறது. அந்த மனம் கணக்குப் பாடத்தில் தோற்குமா? இன்டர்வியூவில் நடுங்குமா?

ஆனால் ஒன்று. கனவு உழைத்தவனிடம்தான் விளைகிறது. ராமானுஜனுக்குச் சிவந்த திரையில் கணக்கு வந்தது, பகல் முழுக்க அவர் கணக்கிலேயே கிடந்ததால். லோவிக்குப் பரிசோதனை தெரிந்தது, பல வருஷமாக அந்தக் கேள்வியை அவர் சுமந்ததால். பகலில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டு கிடந்தால் ராத்திரியிலும் ரீல்ஸ்தான் வரும். பகலில் எதற்கு வியர்வை சிந்துகிறாயோ, அதைத்தான் உன் இரவு எடுத்துச் செய்யும். குரூப் தேர்வுக்குப் படிக்கிறாயா, வீணை பழகுகிறாயா, புது நெல் ரகம் போட்டுப் பார்க்கிறாயா, கவிதை எழுதுகிறாயா? அதில் முழுசாக இறங்கு. பிறகு உன் ராத்திரியையும் வேலைக்குக் கூப்பிடு!

நல்ல நாள் பார்க்காதே. அழகான டைரி வரட்டும் என்று காத்திருக்காதே. பழைய பள்ளி நோட்டில் மிச்சம் இருக்கும் பக்கங்கள் போதும். இன்று ராத்திரி தலைமாட்டில் வை. நாளை காலை ஒரே ஒரு வரி எழுது. அடுத்த நாள் இரண்டு வரி எழுது. ஒரு மாதம் விடாமல் செய். யாருக்கும் காட்டத் தேவையில்லை, யாரும் மார்க் போடப் போவதில்லை. தன் மனத்தைத் தானே நாள்தோறும் படித்துத் தெரிந்துகொண்டவனை, "உன்னால் முடியாது" என்று சொல்லி எந்த வாத்தியாரும், எந்தத் தெருவும், எந்தத் தோல்வியும் இனி உட்கார வைக்க முடியாது. எழுந்திரு, எழுந்தவுடன் எழுது!